உறுமியும் ஜமைக்காத் தாளமும்

ஒரு நாட்டின் தோற்கருவி மற்றொரு நாட்டின் பாட்டுக்குள் புகும்போது, எது எதற்கு அடங்குகிறது என்று காண்பதே திறனாய்வின் முதற்கடன். 2007இல் வெளிவந்த ‘கலா’ என்னும் இசைத்தொகுப்பை அவ்வாறு நோக்குவோம். பாடியவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருட்பிரகாசம். இலண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தொகுப்புக்குத் தம் தாயின் பெயரையே சூட்டினார்.

அதில் ஊடாடும் இசைகளுள் ஒன்று ஜமைக்காவின் ‘டான்ஸ்ஹால்’. 1970களின் இறுதியில் ரெகேயிலிருந்து கிளைத்த இவ்வகையில், ஒரே தாளக்கட்டின்மேல் பாடகர் பலர் வெவ்வேறு பாட்டுகளைப் பாடுவர். ஒரே சிந்து மெட்டில் புலவர் பலர் பாட்டமைப்பது போன்றது இது. கரும்புத் தோட்ட அடிமைகளின் வழிவந்தோர் வளர்த்த கலை, ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு முற்றும் அயலானதன்று.

இதனோடு அவர் சென்னையில் பதிவுசெய்த உறுமியொலியை இணைத்தார். ‘பாய்ஸ்’ பாட்டின் படக்காட்சியை ஜமைக்காவில் எடுத்தார். அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் இதனை அவ்வாண்டின் தலைசிறந்த தொகுப்பாகத் தேர்ந்தது. பலநாட்டு ஒலிகளின் கலவை என்று மேலையோர் பாராட்டினர். ஆங்கிலச் சொல்லும் இரைச்சலுந்தானே என்று கேட்பார் நம்மவருள் உளர். இவ்விரு தீர்ப்பும் உறுமியின் இலக்கணத்தைத் தொடவில்லை.

உறுமியின் ஒருமுகத்தை வளைகோலால் தேய்க்க ஒலி குமுறும். மறுமுகத்தை அடிக்கத் தாளம் விழும். மலாக்காவின் செங் சந்நாசிமலையில், மாசிமகத்தன்று காவடிக்குமுன் நிற்கும் உறுமிக்காரரைக் காண்க. அவர் கண் காவடி எடுப்பவரின் காலிலேயே இருக்கும். கால் தளர்ந்தால் தாளம் தளரும். அருள் ஏறினால் தாளமும் ஏறும். ஜமைக்காவில் குரல் தாளத்தைப் பின்பற்றும். நம்மிடம் தாளம் காலைப் பின்பற்றும்.

‘பேர்ட் ஃப்ளூ’ என்னும் பாட்டில் ஜமைக்கா நெறியே வென்றது. உறுமி அங்கே எவர் காலையும் பார்ப்பதில்லை. வெட்டி அடுக்கிய துண்டாய் மீளமீள வருகிறது. முழக்கம் உண்டு, ஏற்றம் இல்லை. இது குறையே. ஆயினும், தோட்டத்துக் கருவியென்று பின்னே ஒளிக்காமல், அதனைப் பாட்டின் முகப்பிலேயே நிறுத்திய துணிவு பாராட்டுக்குரியது.

தமிழாசிரியர்களாகிய நாம் இதனின்று கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. உறுமி மேளக் குழுவில் சேர்ந்த மாணவனைப் படிப்பைக் கெடுத்துக்கொண்டவன் என்று தள்ளுகிறோம். அவனோ சீரும் தளையும் கற்குமுன்பே சந்தத்தைக் கையில் வைத்திருப்பவன். யாப்புப் பாடத்தை அவன் கையிலிருந்து தொடங்கினால் என்ன?