உரிமம் ஓரூரில், நம்பிக்கை ஓரூரில்: வளைகுடா ஆள்சேர்ப்பு குறித்து

தக்கலை வட்டாரத்தில் வளைகுடா வேலை பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘விசா’ என்ற சொல்லைச் சுற்றியே அமைகிறது. விசா வந்தது, விசாவுக்குப் பணம் கட்டியாயிற்று என்னும் வழக்குகளில், வேலை தகுதியால் பெறுவது என்ற எண்ணம் பின்தள்ளப்பட்டு, விலைக்கு வாங்கும் சரக்கு என்ற எண்ணம் முன்னே வந்துவிடுகிறது. இச்சரக்கை விற்பவராகக் கருதப்படும் ஆள்சேர்ப்பு முகவர், அதாவது வெளிநாட்டு முதலாளிக்காகப் பணியாளரைத் தெரிந்தெடுத்து அனுப்புபவர், உண்மையில் யாருக்காக உழைக்கிறார், அவருக்குரிய கூலியை யார் தர வேண்டும் என்பனவே இம்முறையை மதிப்பிடுதற்குரிய வினாக்கள்.

முகவரால் விளையும் பயனை மறுப்பதற்கில்லை. தம்மாமிலோ மஸ்கட்டிலோ ஒரு நிறுவனத்துக்கு வெல்டர் தேவை என்னும் செய்தி திருவிதாங்கோட்டுத் தொழிலாளியைத் தானாக வந்தடைவதில்லை. நேர்காணல், மருத்துவச் சோதனை, பத்தாம் வகுப்புத் தேறாதோர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் பெறவேண்டிய குடிபெயர்வு அனுமதி ஆகியவற்றைக் கோத்துத் தருபவர் முகவரே. 2014இல் தொடங்கிய இ-மைக்ரேட் இணையத்தளம் வேலை ஒப்பந்தத்தை அரசின் பார்வைக்குள் கொண்டுவந்ததும் பதிவுபெற்ற முகவர் வழிச் செல்வோர்க்கு ஒரு காப்பு.

குறை தொடங்குவது முகவருக்கும் தொழிலாளிக்கும் இடைப்பட்ட வெளியில். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் பதிவுச் சான்றின்றி ஆள்சேர்ப்பதைத் தடுக்கிறது. பணியாளரிடம் பெறத்தக்க உச்சக் கட்டணம் ரூ.30,000 என்றும், 18 விழுக்காடு வரி சேர்த்து ரூ.35,400 என்றும் விதிகள் வரையறுக்கின்றன. முழு உரிமத்துக்கு ரூ.50 லட்சம் வங்கி உத்தரவாதம் வேண்டியிருப்பதால் உரிமம் பெற்றவர் பெரும்பாலும் சென்னை, மும்பை, கொச்சி போன்ற நகரங்களில் இருக்க, சிற்றூர்களில் ஆள் திரட்டுபவர் சட்டத்தின் ஏற்பு இல்லாத துணைமுகவர். அவரோ உறவினர், அல்லது பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கோயில் கொடையிலும் முகம் பழகியவர், அல்லது தாமே வளைகுடாவில் இருந்து திரும்பியவர். அத்தகையவரிடம் ரசீது கேட்பது உறவையே ஐயுறுவதாகக் கொள்ளப்படுவதால், நகையை அடகு வைத்துத் திரட்டிய தொகை எழுத்தில் பதியாமலே கைமாறுகிறது. கட்டண வரம்பு மீறப்பட்டதற்குச் சான்றும் எஞ்சுவதில்லை. பதிவின்றி ஆள்சேர்ப்போர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் ரூ.2,000 வரை அபராதமும் என்கிறது சட்டம். ஒரே ஒரு விசாவுக்கு வாங்கப்படும் தொகையோடு ஒப்பிட்டால் அந்த அபராதம் தேநீர்ச் செலவுதான்.

இவ்வணிகத்தின் விந்தையான சரக்கு ‘ஃப்ரீ விசா’. இலவசம் என்பது இதன் பொருளன்று. அந்நாட்டவர் ஒருவர் கஃபீலாக, அதாவது பணியாளருக்குப் பொறுப்பேற்கும் புரவலராக, பெயரை மட்டும் தந்துவிட, தொழிலாளி விரும்பிய இடத்தில் வேலை தேடிக்கொள்வது என்பதே பொருள். புரவலர் அல்லாத பிறரிடம் இவ்வாறு வேலை செய்வது அங்கே சட்டமீறல் ஆகையால், வேலை உறுதியின்றிச் சென்றவர் தண்டனை அச்சத்தையும் உடன் கொண்டே வாழ்கிறார்.

குவைத்துக்குச் செல்லும் செவிலியரிடம் பல லட்ச ரூபாய் பெறப்பட்டது கேரளத்தில் வெளிப்பட்டபின், நடுவண் அரசு 2015இல் மேற்சொன்ன 18 நாடுகளுக்கான செவிலியர் சேர்ப்பை அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் 1978 முதலே அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருந்துவருகிறது. அரசு வழி கட்டணத்தை அடக்குகிறது. ஆனால் முதலாளிகளைத் தேடிச் செல்லும் தனியாரின் சுறுசுறுப்பு அதற்கு எளிதில் வாய்ப்பதில்லை. எனவே தனியாரை விலக்குவதைவிட, ஆள் வேண்டுபவரே ஆள்தேடும் செலவை ஏற்கச் செய்வதே நோயின் வேரைத் தொடும் மருந்து. பணியாளரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறலாகாது என்பதைப் பொதுவிதியாக வகுத்தது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை. 1997இல் நிறைவேறிய அதனை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை.