இரண்டு ஓட்டக்காரர்கள்

நெடுந்தூரம் ஓடிப் பழகினவனுக்கு வாழ்க்கையிலும் தொழிலிலும் ஒரு கட்டுப்பாடு தானே வந்துவிடும் என்று பரவலான அபிப்பிராயம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் முதல் கம்பெனி நிர்வாகி வரை எல்லோரும் சொல்லுகிறார்கள். சொல்லுகிறவர்களில் அநேகர் ஓடுவதில்லை என்பது வேறு விஷயம். இதற்கு இலக்கிய உலகத்திலிருந்து ஒரு சாட்சி வேண்டுமென்றால், ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி ஓட்டத்தைப் பற்றி 2007-ல் வெளியிட்ட புத்தகத்தைத்தான் நீட்டுவார்கள். நான் அதை இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை, ஒரு நாவலாசிரியர் தம் தொழிலைப் பற்றி என்ன சொல்லுகிறார் என்று தெரிந்துகொள்ள. இரண்டாவது தடவை, அவர் சொல்லாததை எல்லாம் ஜனங்கள் ஏன் அவர் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்க்க.

முரகாமி 1949-ல் பிறந்தவர். டோக்கியோவில் மனைவியோடு சேர்ந்து, ஜாஸ் இசைத்தட்டுகள் ஒலிக்கும் சிறிய மதுக்கடை ஒன்றை நடத்தினார். இரவு கடையை மூடிவிட்டு வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதிய முதல் நாவல் 1979-ல் வெளிவந்தது. பிறகு கடையை விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளராகிவிட்டார். உட்கார்ந்தே இருக்கும் தொழில், உடம்பு கனத்தது. சிகரெட்டோ ஒரு நாளைக்கு 60. 1982-ல், 33 வயதில், ஓட ஆரம்பித்தார். மறுவருஷமே கிரேக்க நாட்டுக்குப் போய், ஜூலை மாத வெயிலில் ஏதன்ஸிலிருந்து மாரத்தான் என்ற அந்த ஊர் வரையில் தன்னந்தனியாக ஓடி முடித்தார். சிகரெட் போயிற்று. இரவு சீக்கிரம் படுக்கை. விடியுமுன் எழுந்து மூன்று நான்கு மணி நேரம் எழுத்து.

நாவலாசிரியனுக்கு முதலில் வேண்டியது திறமை, அடுத்தது மனத்தை ஒருமுகப்படுத்துவது, மூன்றாவது தாக்குப்பிடிக்கும் சக்தி என்கிறார் அவர். முதலாவது பிறவியில் வரவேண்டும். மற்ற இரண்டையும் தசைகளைப் பழக்குவதுபோலப் பழக்கி வளர்த்துக்கொள்ளலாம். நல்ல பேச்சுத்தான். ஆனால் அவருடைய புத்தகமே வேறொரு சாட்சியமும் சொல்லுகிறது. கடன் வாங்கி ஆரம்பித்த கடையில் நடுநிசி வரை உழைத்து, அதற்கப்புறம் உட்கார்ந்து நாவல் எழுதின மனிதரைக் கட்டுப்பாடு இல்லாதவர் என்று யார் சொல்லமுடியும்? ஓட்டக்காரருடைய ஜோடு பின்னால் வந்தது. கட்டுப்பாடு முன்னமேயே இருந்தது. முரகாமி இதை மறைக்கவும் இல்லை. ஓட்டம் தம் சுபாவத்துக்குப் பொருந்திற்று, அதனால் ஓடுகிறேன். பிறரை ஓடச் சொல்லுவதில்லை என்று நேர்மையாக எழுதியிருக்கிறார். அதை நீதி நூலாக்கினவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் எப்படியோ தாண்டிவிட்டார்கள்.

ஓடாமலே இந்தக் கட்டுப்பாட்டை அடைந்தவர்கள் எத்தனையோ பேர். ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரல்லோப் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அதிகாலை ஐந்தரைக்கு எழுத உட்காருவார். எதிரே கைக்கடியாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதுவார். தம்மை எழுப்பிவிடுவதற்கென்று வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுன் அதிகம் கொடுத்தாராம். அவர் காலமானபின் 1883-ல் வெளிவந்த சுயசரிதையில் இதையெல்லாம் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டார். நம் கல்கி 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் ‘பொன்னியின் செல்வ’னை எழுதினார், பத்திரிகையையும் நடத்தினார். தொடர்கதை எழுதினவர்களுக்கு, வாரத்துக்கு ஏழு நாள் என்பதெல்லாம் காலண்டர்க்காரர் சொல்லுகிற கணக்கு.

அப்படியானால் ஓட்டம் முரகாமிக்கு ஒன்றும் தரவில்லையா? தந்திருக்கிறது, ஆனால் பொதுவாகக் கட்டுப்பாடு என்று பெயர் சூட்டுவது போன்ற பெரிய சமாசாரம் அல்ல. இன்னும் எழுதலாம் என்று தோன்றும் இடத்திலேயே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுகிறார். மறுநாள் ஆரம்பிப்பது சுலபமாகிவிடுகிறது. ஓட்டத்திலும் அப்படியே. இது தொழில் தெரிந்தவன் சொல்லுகிற விஷயம். மற்றொன்று அளவு. நாவல் நன்றாக வந்திருக்கிறதா என்று ஆசிரியன் தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம்; நண்பர்களும் ஒத்தாசை செய்வார்கள். கடியாரமும் மைல் கல்லும் அந்த ஒத்தாசையைச் செய்வதில்லை.

புத்தகத்தின் சிறந்த பகுதி, 1996-ல் ஹொக்கைடோவின் சரோமா ஏரிப் பக்கத்தில் அவர் ஓடிய 100 கிலோமீட்டர் ஓட்டம். ஐம்பத்தைந்துக்கு மேல் உடம்பு ஒவ்வோர் அங்கமாகக் கலகம் செய்கிறது. ‘நான் மனிதன் அல்ல, யந்திரம்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, நடக்காமல் ஓடுகிறார். எழுபத்தைந்தைத் தாண்டினதும் வலி எங்கோ போய்விடுகிறது. தாம் ஓடுகிறோம் என்ற நினைவும் போய்விடுகிறது. 11 மணி 42 நிமிஷத்தில் முடிக்கிறார். வெற்றிதான். ஆனால் அதற்குப் பிறகு ஓடவேண்டும் என்ற பழைய ஆசை அவரைவிட்டுப் போய்விட்டது. திரும்பி வர வருஷங்கள் ஆயின. மற்றவர்கள் சாதனைக் கதையாக முடித்திருக்கும் இடத்தில் இவர் அந்த வறட்சியை எழுதுகிறார். விடாப்பிடி ஓர் எல்லையைத் தாண்டினால் ஆசையையே தின்றுவிடும் என்று பயிற்சி ஆசிரியர்கள் சொல்ல நான் கேட்டதில்லை.

முரகாமி கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஓடிச் சேர்த்த கட்டுப்பாடு யாருக்குப் பிரயோஜனப்படுகிறது? தமக்குத் தாமே எஜமானராக இருப்பவருக்கு அந்தக் கேள்வி எழாது. அதைக் கேட்டவர் ஆலன் சில்லிட்டோ. நாட்டிங்ஹாம் நகரத்தில் 1928-ல் பிறந்து, 14 வயதில் பள்ளிக்கூடத்தைவிட்டு, சைக்கிள் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ‘நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை’ என்று பொருள்படும் அவருடைய கதை 1959-ல் வெளிவந்தது.

ஸ்மித் என்ற பையன் ரொட்டிக் கடையில் திருடிவிட்டு, இளங்குற்றவாளிகளின் சீர்திருத்தச் சிறைக்கு வருகிறான். அவன் கால்களைப் பார்த்த தலைமை அதிகாரி, குளிர்கால விடியலில் அவனைத் தனியே ஓடப் பழக்குகிறார். பந்தயத்தில் ஜெயித்தால் கோப்பை சிறைக்கு, பெருமை அதிகாரிக்கு, நேர்மையான வாழ்க்கை பையனுக்கு. ஓட்டம் குணத்தைத் திருத்தும் என்று அவர் மனப்பூர்வமாக நம்புகிறார். சில்லிட்டோ அவரைக் கெட்டவராகக் காட்டவில்லை. பையனும் ஓட்டத்தை நேசிக்கிறான். பனி விழுந்த வயலில் ஆள் நடமாட்டமில்லாத அந்த நேரத்தில்தான் அவனால் யோசிக்க முடிகிறது. பந்தயத்து நாளில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி வருகிறவன், எல்லைக்கோடு கண்ணெதிரே இருக்கையில் தயங்கி நின்று, அடுத்தவனை முந்தவிடுகிறான். ஓடும்போது அவன் மனத்தில் இருந்தது அதிகாரியின் உபதேசம் அல்ல. ஆஸ்பத்திரியும் டாக்டரும் வேண்டாமென்று விரட்டிவிட்டு வீட்டிலேயே நோயில் செத்த அப்பா. நிற்பதற்கு வேண்டிய பலமும் அங்கிருந்து வந்ததுதான். ஜெயிக்கக்கூடியவன் நின்று தோற்பதற்கு எத்தனை கட்டுப்பாடு வேண்டும்!

கலைஞன் என்ற முறையில் எனக்குச் சில்லிட்டோ ஒரு படி மேலாகத் தோன்றுகிறார். முரகாமி தம் அனுபவத்தை வெகு கண்ணியமாகச் சொல்லுகிறார். ஆனால் அதை எதிர்த்துப் பேச அந்தப் புத்தகத்தில் ஒருவரும் இல்லை. சில்லிட்டோவின் கதையில் ஒவ்வொரு வரியும் யாரையோ எதிர்த்துத்தான் பேசுகிறது. பையனின் பேச்சு சில இடங்களில் ஆசிரியரின் பிரசங்கமாகிவிடுவதையும் சொல்லவேண்டும். அப்படியிருந்தும் கதை விழவில்லை.

கடைசிப் பக்கங்களைக் கவனிக்க வேண்டும். தோற்றதற்குத் தண்டனையாகக் குப்பைத் தொட்டி சுமந்து, தரை தேய்த்து, மிச்ச மாதங்களைக் கழித்துவிட்டு ஸ்மித் வெளியே வருகிறான். ஓட்டத்தில் பிடித்த நுரையீரல் நோய், அவனைக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து காப்பாற்றிவிடுகிறது. பிறகு முன்னைவிடப் பெரிய திருட்டு ஒன்றை, முன்னைவிட நிதானமாகத் திட்டம் போட்டுச் செய்கிறான். நடந்ததை எல்லாம் உட்கார்ந்து எழுதுகிறான். தான் மறுபடி பிடிபட்டால் மட்டும் அதை அச்சில் கொண்டுவரப் பார்க்கும்படி ஒரு சிநேகிதனிடம் கொடுத்துவைக்கப் போவதாகச் சொல்லி முடிக்கிறான். கதையோ அச்சாகி நம் கையில் இருக்கிறது.