ஒரே உடல், இரு தரப்பு: அன்னா டெவேர் ஸ்மித்தின் ஓராள் நாடகங்கள்

ஓராள் நாடகம் என்றதும் இரண்டு வகை நினைவுக்கு வரும். நடிகர் தன் வாழ்க்கையையே பேசுவது ஒன்று. மறைந்த பெரிய மனிதர் ஒருவராக வேடமிடுவது மற்றொன்று. அமெரிக்க மேடையில் இரண்டுக்கும் பெயர்பெற்றவர்கள் உண்டு. ஸ்பால்டிங் கிரே ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். ஹால் ஹோல்புரூக் அறுபது ஆண்டுகளுக்கு மேல் மார்க் ட்வைனாக மேடையேறினார். அன்னா டெவேர் ஸ்மித் இரண்டையும் விட்டு விலகியவர். உயிரோடிருக்கும் மனிதர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுப்பார். அவர்கள் பேசியதை இழுவை, திக்கல், பாதியில் நின்ற வாக்கியம் உட்பட அப்படியே மனப்பாடம் செய்வார். பிறகு அத்தனை பேராகவும் தான் ஒருவரே மேடையில் நிற்பார்.

அவரைப் பாராட்டுவோர் வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள்: பிறர் பேச்சைத் தன் குரலில் கொண்டுவரும் திறமை, எந்தப் பக்கமும் சாயாத நடுநிலை. திறமையில் ஐயமில்லை. நடுநிலையைப் பற்றித்தான் கேள்வி. அவருடைய நாடகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த நடுநிலை அவருடைய முறையிலிருந்து பிறந்ததாகத் தெரியவில்லை. அவர் எடுத்துக்கொண்ட பொருள்தான் அதைக் கொடுத்திருக்கிறது. பொருளில் மோதல் இருக்கும்வரை முறை நேர்மையாக நிற்கிறது. மோதல் போனதும் சாய்கிறது.

1950-இல் பால்டிமோரில் பிறந்தவர் ஸ்மித். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது நீயாகவே ஆகிவிடும் என்று தாத்தா சொன்னதை அவர் பல இடங்களில் குறிப்பிட்டிருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் நடிப்புப் பயிற்சி பெற்றபோது ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தில் மார்கரெட் அரசி பேசும் வரிகளை ஓயாமல் சொல்லிப் பார்த்த அனுபவம் அதற்கு உரம் போட்டது. பேட்டிக்கான உத்தி ஒரு மொழியியலாளரிடமிருந்து வந்தது: சாவின் விளிம்புவரை போனதுண்டா, செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்ததுண்டா, நீங்கள் பிறந்த சூழல் தெரியுமா என்று மூன்று கேள்விகள். இவற்றுக்கு யாரிடமும் தயார் பதில் இருக்காது. பேசிப் பழகிய வாக்கியங்கள் அங்கே உடையும். உடையும் இடத்தில்தான் ஆள் வெளிப்படுவார் என்பது ஸ்மித்தின் நம்பிக்கை. 1980-களின் தொடக்கத்தில் இந்த வழியில் ஒரு நாடகத் தொடரைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்தே நாடு திரும்பிப் பார்த்தது.

1991 ஆகஸ்ட் 19 அன்று நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில், லுபாவிச் யூத மதத் தலைவரின் வாகன வரிசையில் வந்த கார் ஒன்று நடைபாதையில் ஏறியது. கயானாவிலிருந்து குடியேறிய கறுப்பினக் குடும்பத்தின் ஏழு வயதுச் சிறுவன் கேவின் கேட்டோ இறந்தான். அன்றிரவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த யூத ஆய்வு மாணவர் யாங்கல் ரோசன்பாமை ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது. கத்திக்குத்தில் அவர் உயிரிழந்தார். நாள்கணக்கில் கலவரம் நீடித்தது. இதைப் பற்றி ஸ்மித் உருவாக்கிய ‘ஃபயர்ஸ் இன் த மிரர்’ 1992-இல் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் வந்தது. இருபத்தாறு பேரை ஒருவரே ஏந்தினார். ஆளுக்கு ஆள் மாறுவதற்கு ஒரு தொப்பி, ஒரு கண்ணாடி போதுமாக இருந்தது.

இதில் அவர் செய்த அடுக்கைக் கவனிக்க வேண்டும். கலவரத்துக்கு உடனே போகவில்லை. பாதிரியார் அல் ஷார்ப்டன் தன் தலைமுடி ஏன் ஜேம்ஸ் பிரவுனைப் போல இருக்கிறது என்று விளக்குகிறார். லுபாவிச் பெண் ஒருவர், மணமானபின் பொய்முடி அணிவதில் தனக்குள்ள சங்கடத்தைப் பேசுகிறார். ஒருவரையொருவர் முகங்கொடுத்துப் பார்க்காத இரு சமூகங்களும் முடி என்ற ஒன்றில் அருகருகே வந்துவிடுகின்றன. இதை இரண்டு நடிகைகள் செய்திருந்தால் வெறும் ஒப்பீடாகவே நின்றிருக்கும். ஒரே தொண்டையிலிருந்து இரண்டும் வரும்போது, இவரால் அவராகவும் ஆக முடிகிறதே என்ற உண்மை பார்வையாளர் கண்முன் நடக்கிறது. ஓராள் நாடகத்தால் மட்டுமே தரக்கூடியது இது. சிக்கனத்துக்காகவோ திறமையைக் காட்டவோ ஒருவரே நடிக்கவில்லை. நாடகம் சொல்ல வந்ததே அதுதான்.

ரோசன்பாமின் அண்ணனும் கேட்டோவின் தந்தையும் ஒரே நாடகத்தில் இருப்பதால் வேறொரு பயனும் கிடைத்தது. எந்த வரியை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்தவர் ஸ்மித்தான். ஆனாலும் ஒரு தரப்பைச் சாய்த்து வெட்டினால் மறு தரப்பின் பேச்சே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருளே தொகுப்பவருக்குக் காவல் நின்றது.

ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் விடுவிக்கப்பட்டபின் வெடித்த கலவரத்தைப் பற்றிய ‘ட்வைலைட்: லாஸ் ஏஞ்சலிஸ், 1992’ என்ற அடுத்த நாடகத்தில் (1993) அந்தக் காவல் இன்னும் வலுவானது. நூற்றுக்கணக்கானோரைச் சந்தித்தார். மேடைக்கு வந்தவர்கள் அதில் சிறு பகுதியே. காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ், அடிபட்ட லாரி ஓட்டுநர் ரெஜினால்ட் டென்னி, கடையை இழந்த கொரியப் பெண், தீர்ப்புச் சொன்ன ஜூரி ஒருவர் என்று பல முனைகள். கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு கட்டத்துக்குள் இந்த நகரம் அடங்காது என்பதை உணர்ந்து, ஜப்பானிய வம்சாவளி மானிடவியலாளர் டோரின் கோண்டோ, லத்தீன் வம்சாவளிப் பத்திரிகையாளர் ஹெக்டர் டோபார், கறுப்பினக் கவிஞர் எலிசபெத் அலெக்சாண்டர் ஆகியோரை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டார். தன் காதில் எல்லாமே விழும் என்று நம்பாத கலைஞரின் முடிவு அது.

முறையின் குறைகளையும் இந்த நாடகத்திலேயே பார்க்கலாம். ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் வருகிறார். யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. வாதத்தின் கூர்மை பார்வையாளர் தலைக்குள் நடக்கட்டும் என்று விடப்படுகிறது. அது சில நேரம் நடக்கும், சில நேரம் நடக்காது. அடுத்து, உச்சரிப்பு. கொரியக் கடைக்காரரின் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தை அப்படியே பேசிக்காட்டுவது மரியாதையா, பகடியா? ஸ்மித்தின் நோக்கம் மரியாதைதான். ஆனால் அரங்கில் சிரிப்பு எழுந்தால் அது நோக்கத்தைக் கேட்டுக்கொண்டு வராது. மூன்றாவது குறை இன்னும் ஆழமானது: சொன்னது சொன்னபடி என்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது. உடலையும் மருத்துவத்தையும் பற்றிய ‘லெட் மீ டவுன் ஈஸி’ 2009-இல் நியூயார்க்கில் நடந்தபோது அதில் ஒரு பாத்திரம் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 2013-இல் அவர் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். நாடகம் அவர் பேசியதைத் துல்லியமாகத் தந்தது. பேசாமல் விட்டதைத் தரும் கருவி அதனிடம் இல்லை.

அந்த நாடகத்தின் சிக்கல் அதோடு முடியவில்லை. கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனையில் நோயாளிகளோடு சிக்கிய மருத்துவரின் பகுதி நெஞ்சை உலுக்கக்கூடியது. ஆனால் அவரோடு மோதும் குரல் எதுவும் இல்லை. பிரபலங்களும் நோயாளிகளும் வரிசையாக வந்து போகிறார்கள். ஒவ்வொன்றும் நல்ல தனிப்படம், சேர்ந்தால் நாடகமாக இறுகவில்லை. பள்ளியிலிருந்து சிறைக்குத் தள்ளப்படும் ஏழைப் பிள்ளைகளைப் பற்றிய ‘நோட்ஸ் ஃப்ரம் த ஃபீல்ட்’ (2016) இன்னும் ஒரு படி நகர்ந்தது. அதன் கோபம் நியாயமானது, நடிப்பு உச்சத்தில் இருக்கிறது. ஆனால் கேட்ஸுக்கு ட்வைலைட்டில் கிடைத்த எடை இங்கே எதிர்த்தரப்பு யாருக்கும் இல்லை. தொகுப்பாளர் வழக்கறிஞர் ஆகிவிட்டார். இதற்கு முந்தைய கலிபோர்னியா வடிவத்தில் பார்வையாளர்களைக் குழுக்களாகப் பிரித்து விவாதிக்கவே வைத்தார். மேடையில் இல்லாத பதிற்பேச்சை அரங்கிலாவது தேட வேண்டும் என்று அவருக்கே பட்டிருக்கிறது என்றுதான் அதை வாசிக்கத் தோன்றுகிறது.

இந்த நாடகங்கள் அவர் இல்லாமல் நிற்குமா என்ற சோதனையும் நடந்துவிட்டது. 2019-இல் சிக்னேச்சர் தியேட்டரில் ‘ஃபயர்ஸ் இன் த மிரர்’ நாடகத்தை மைக்கேல் பெஞ்சமின் வாஷிங்டன் என்ற நடிகர் தனியாளாகச் செய்தார். பிரதி தன் காலில் நின்றது. 2021-இல் அதே அரங்கில் ‘ட்வைலைட்’ திருத்தப்பட்டு ஐந்து நடிகர்களோடு வந்தது. ஒருவர் பேசும்போது கேட்பவர் முகத்தையும் பார்க்க முடிந்தது லாபம். எல்லாரையும் ஓர் உடல் தாங்கிய அதிசயம் போனது நட்டம். இதற்கு நேர்மாறாக, ‘ஹவுஸ் அரெஸ்ட்’ நாடகத்தை 1997-இல் நடிகர் குழுவோடு தொடங்கி 2000-இல் தனியாளாக மாற்றியவரும் ஸ்மித்தே. ஒருவரா, பலரா என்பது அவருக்கே இன்றுவரை முடிந்துபோன கேள்வி அல்ல.

மெக்ஆர்தர் நிதிநல்கை, தேசிய மனிதப்பண்பியல் பதக்கம், ‘த வெஸ்ட் விங்’ போன்ற தொலைக்காட்சித் தொடர்கள் என்று புகழ் பல வழிகளில் வந்தது. நிலைக்கப்போவது தொண்ணூறுகளின் இரண்டு நாடகங்கள். அவருக்குப் பின் பலரும் பேட்டி எடுத்து மேடையேற்றுகிறார்கள். பெரும்பாலும் தாங்கள் ஏற்கெனவே நேசிப்பவர்களிடமே ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுகிறார்கள். ஸ்மித்திடம் கற்க வேண்டியது குரல் வித்தையை அல்ல. தனக்கு ஒவ்வாதவரின் வாக்கியத்தையும் அதே உழைப்போடு மனப்பாடம் செய்வதைத்தான் கற்க வேண்டும். அது இல்லாத ஓராள் நாடகத்தில் எத்தனை பாத்திரங்கள் வந்தாலும் பேசுவது ஒருவர்தான்.