மெட்டுக்கு அடியில்

இராப்பத்து இரவுகளில் நம்பெருமாள் மூலஸ்தானம் திரும்பும் வேளையில் ஸ்ரீரங்கத்தில் வீணை ஏகாந்தம் உண்டு. உட்கார்ந்து மடியில் கிடத்தி வாசிக்கவென்றே உருவான வாத்தியத்தை அங்கே நின்றபடி வாசிப்பார்கள். சின்ன வயதில் கூட்டத்துக்குள் நின்று பார்த்தபோது, அந்தக் குடத்தின் கனத்தை எப்படித் தாங்குகிறார்கள் என்பதிலேயே என் கவனம் இருந்தது. பிறகு எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு திருச்சி மெல்லிசைக் குழுக்களோடு ஊர் ஊராகப் போன வருஷங்களிலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வாத்தியத்தின் வடிவம் யாருக்காக? பார்க்கிறவர் கண்ணுக்கா, வாசிக்கிறவர் உடம்புக்கா, ஸ்வரத்துக்கா?

விலைபோகாத விசித்திரக் கிட்டார்களை இந்தக் கேள்வியோடு பார்த்தால் அவை இரண்டு வகையாகப் பிரிந்துவிடும். சில வெளிக்கோலத்தில் விசித்திரம். சில விரலுக்கு அடியில் விசித்திரம்.

முதல் வகைக்கு கிப்ஸன் கம்பெனி 1958-ல் கொண்டுவந்த ‘ஃப்ளையிங் வி’யைச் சொல்லலாம். அம்பு முனை போன்ற உடல். இரண்டு வருஷத்தில் வெளியே போனது நூறுகூட இல்லை. உட்கார்ந்தால் தொடையில் நிற்காது, வழுக்கும். செய்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. கீழ்ச் சிறகின் ஓரத்தில் வரிவரியான ரப்பர் பட்டை ஒட்டித்தான் விற்றார்கள். ஆல்பர்ட் கிங் அதை வைத்துக்கொண்டு அற்புதமாக ப்ளூஸ் வாசித்தார். பின்னால் ராக் மேடைகள் அதைக் கொண்டாடின. நின்று வாசிக்கிறவருக்கு அது குறையில்லாத கிட்டார்தான். ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு இரண்டு மணி நேரம் வாசிக்கிறவருக்கு அது உதவாது. அந்த ரப்பர் பட்டையை நான் ஒப்புதல் வாக்குமூலமாகவே படிக்கிறேன்.

நெட் ஸ்டைன்பெர்கர் 1980-களின் தொடக்கத்தில் செய்த தலையில்லாக் கிட்டார்களை அப்படித் தள்ளிவிட முடியாது. மரத்துக்குப் பதில் கார்பன் நாரும் ரெசினும். தந்தியை முறுக்கும் கீ எல்லாம் அடிப்பக்கத்தில். சித்திரை வெயிலில் வேனுக்குள் கிடந்த மரக் கிட்டார் மேடை ஏறியதும் என்ன பாடுபடுத்தும் என்பது இந்தப் பக்கம் வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஸ்ருதி கலையும், நெக் வளையும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருக்கிறவனுக்கு ஈரத்துக்கு அசையாத நெக் பெரிய வரம். ஆனால் அந்த மூல வடிவத்துக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த தனித் தந்தி வேண்டும். துறையூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தந்தி அறுந்தால், பையில் இருக்கும் சாதாரணத் தந்தி அதில் ஏறாது. வெயிலுக்குத் தாங்கினாலும் வெளியூர்க் கச்சேரிக்கு அதை நம்பிப் போக முடியாது.

இரண்டாவது வகைதான் என்னை அதிகம் பிடித்து வைத்திருக்கிறது. அதில் முதன்மையானது குடைந்த விரல்பலகை. மெட்டுக்கும் மெட்டுக்கும் இடையே உள்ள மரத்தைப் பள்ளமாகச் செதுக்கிவிடுவார்கள். ஸ்கேலப் என்று பெயர். மேலை நாட்டில் ரிச்சி பிளாக்மோர், யிங்வி மால்ம்ஸ்டீன் போன்ற சிலர் கையோடு நின்றுவிட்ட, பெரும்பாலோர் அஞ்சி ஒதுங்குகிற வடிவம். வீணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்டியின் இருபுறமும் மெழுகு வரப்பு, அதன்மேல் இருபத்துநான்கு வெண்கல மெட்டுகள், நடுவில் வெற்றிடம். தந்தியை அழுத்தும் விரல் மரத்தைத் தொடுவதே இல்லை. அங்கே அபூர்வமாகப் பேசப்படுவது இங்கே வீட்டுக்கு வீடு இருந்த ஏற்பாடு.

காரணம் கமகம். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். வீணைக்காரர் ஒரே மெட்டில் நின்று தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரம் போய்விடுவார். சமதளப் பலகையுள்ள கிட்டாரில் விரல்நுனி மரத்தில் உரசித் தடைபடும். அசைவு பாதியில் நின்றுவிடும்.

இதற்காகவே பழைய கிட்டார் ஒன்றை நானே குடைந்தேன். மெட்டுகளுக்கு மேல் டேப் ஒட்டி, அரைவட்ட அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரு வாரம் விரலிடுக்கெல்லாம் மரத் தூள். ஒன்பதாம் மெட்டருகே அரம் ஆழமாக இறங்கி, அடையாளப் புள்ளியே பெயர்ந்து வந்துவிட்டது. ஆனால் முதல் நாள் தோடி வாசித்தபோது, தந்திக்குக் கீழே விரல் நுழைந்து அதைப் பிடித்து ஆட்டியது. அந்தக் காந்தாரம் எனக்குக் கிட்டாரில் அதுவரை கிடைக்காதது.

மறுநாள் ஒரு வரவேற்புக் கச்சேரி. ஸி மேஜர் பிடித்தேன், பிசிறியது. பழக்கத்தில் கொஞ்சம் அழுத்திப் பிடித்ததும் தந்தி பள்ளத்துக்குள் இறங்கி ஸ்ருதி ஏறிவிட்டது; ஒவ்வொரு விரலிலும் ஒவ்வொரு அளவுக்கு. தனி ஸ்வரத்தை உயிரோடு தருகிற பள்ளமே கார்டைக் கெடுக்கிறது. இதைச் சமாதானம் சொல்லி மறைக்கக் கூடாது. அதோடு, வீணையில் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் இளக்கி மெட்டை நகர்த்தலாம், காதுக்குச் சரியாகும்வரை திரும்ப மேளம் கட்டலாம். குடைந்த மரம் திரும்ப வராது. குடைந்தாலும் மெட்டின் இடம் மாறாது: இயல்பான அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட், கிட்டார் மெட்டு தருவதோ 400. அந்தப் பதினான்கை எந்தப் பள்ளமும் குறைக்காது.

ஜான் மெக்லாஃப்லின் இதே வழியில்தான் போனார். சக்தி குழுவுக்காக ஏப் வெக்டர் செய்துகொடுத்த கிட்டாரில் குடைந்த பலகையோடு, குறுக்கே ஏழு ஸ்ருதித் தந்திகளும் இருந்தன. அது அகூஸ்டிக், இசைக்காகப் பிறந்த விசித்திரம். அதே குழுவின் எல். சங்கர் 1980-ல் கென் பார்க்கரைக் கொண்டு இரட்டை வயலின் செய்வித்தார்: இரண்டு கழுத்து, பத்து தந்தி, டபுள் பாஸின் கீழ்ஸ்தாயியிலிருந்து வயலின் உச்சிவரை. பெரிய கற்பனை. ஆனால் அந்த வாத்தியம் அவரோடு ஒட்டிக்கொண்டதே தவிர ஒரு மாணவர் வரிசையை வளர்க்கவில்லை.

மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் செய்தது சின்ன மாற்றம். இரட்டை இரட்டையாக இருந்த எட்டுத் தந்தியைக் கழற்றி, ஒற்றைத் தந்திகளாக ஐந்து போட்டார், பிக்கப் வைத்தார். ஜோடித் தந்தியைச் சமமாக இழுப்பது கடினம், ஒற்றையை இழுக்கலாம். ஐந்தாவது தந்தி கீழ்ஸ்தாயியைத் திறந்தது. கரண்ட் நாதத்தை நீட்டியது. மூன்றும் கேட்கும்படி இருந்தன, யாரும் பின்பற்றும்படியும் இருந்தன; இன்று அந்த மாண்டலினை இளையவர்கள் எடுத்து வாசிக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் முழு வெற்றி என்று இதைத்தான் சொல்வேன்.

குடைந்த என் கிட்டார் இன்னும் இருக்கிறது. குழுவுக்கு எடுத்துப் போவதில்லை. ச-ப-ச-ப என்று ஸ்ருதி சேர்த்து, கார்டே பிடிக்காமல், விடியற்காலையில் மட்டும் வாசிக்கிறேன். ஒன்பதாம் மெட்டருகே விரல் இன்னும் ஒரு கணம் தயங்கித்தான் போகிறது.