கரிசலுக்கு வந்த வலை

பழைய வலையைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர், ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுவார். மெழுகுவத்தி அணைந்த வாசம் வந்தால் அது பாலிஎத்திலீன். விசைப்படகின் இழுவலை நூல். சுருண்டு, பழுப்பு மணியாக உறைந்து, வேறு வாசம் தந்தால் நைலான். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு சொம்புத் தண்ணீர் போதும். நன்றாக நனைத்துப் போட்டால் பாலிஎத்திலீன் மிதக்கும், நைலான் அமிழும். பிறகு முடிச்சை ஒட்டிய இடத்தை விரலிடுக்கில் மடக்கிப் பார்ப்பார். வெயில் தின்ற நூலாக இருந்தால் அங்கேயே பொடிந்துவிடும். இத்தனையிலும் தேறிய வலைக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இன்னொரு ஆயுள் உண்டு.

தூத்துக்குடிக் கடற்கரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. மதுரைச் சாலை பந்தல்குடி வழியாக ஏறி வருகிறது. கடலில் மீனை நழுவவிடுகிற வலை தரையில் ஆட்டை நழுவவிடாது. கோழிக்கு அடைப்பு, பாகற்கொடிக்குப் பந்தல், காற்று தூக்காமல் வைக்கோல் படப்பின்மேல் இழுத்துக் கட்டுவது, மயிலுக்குப் பயந்து நாற்றங்காலைச் சுற்றுவது என்று எல்லா வேலைக்கும் அது போகும். ஆனாலும் எனக்குப் பிடித்தது கிடை வலைதான்.

அறுவடை முடிந்த நிலத்தில் இரவெல்லாம் ஆட்டை மறித்து வைப்பது கிடை. புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கே சேரும். அடுத்த இரவு அடுத்த இடம். ஆட்டோடு வேலியும் நடக்க வேண்டும். முள் அடைப்பைத் தினம் பிடுங்கி அடைக்க முடியாது; மூங்கில் படல் கனம். வலையைச் சுருட்டினால் ஓர் ஆள் தோளில் அடங்கிவிடும். வேம்பூர்ப் பொட்டு ஆடும் கீழக்கரிசல் ஆடும் இந்தச் சுற்றுவட்டாரத்துச் செம்மறிகள். செம்மறி வேலியைத் தாண்டப் பார்க்காது, மொத்தமாக வந்து நெருக்கும். வெள்ளாடு கால்தூக்கி ஏறப் பார்க்கும். வலைக்கண் பெரிதாக இருந்தால் குட்டி தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். எந்த மந்தைக்கு எந்தக் கடல் வலை என்று பொருத்துவதில்தான் தேர்ச்சி இருக்கிறது. பெரிய மீனுக்கு விரித்த அகலக்கண் வலை எவ்வளவு உறுதியானாலும் குட்டி நிற்கும் கிடைக்கு ஆகாது.

கட்டுகிறவரின் கை தெரியும் இடம் மேல்கயிறு. பத்து முழ வலையைப் பத்து முழத்துக்கே விறைப்பாக இழுத்தால் கண்ணெல்லாம் மூடி உயரமே இல்லாமல் போகும். ஐந்து முழக் கயிற்றில் கோத்தால் உயரம் தாராளம், நீளம் பாதி. ஏறக்குறைய ஏழு முழக் கயிற்றில் கோத்தால் கண் சரிசதுரமாக விரியும். ஒரே வலை மிக அதிகப் பரப்பை மூடுவது அந்த அளவில்தான். மீன்வளக் கல்லூரியில் வரைபடம் போட்டுச் சொல்லித்தரும் கணக்கு இது. அதையே கயிற்றில் முழம் போட்டு, இத்தனை கண்ணுக்கு ஒரு கட்டு என்று கோத்துக்கொண்டே போவதைப் பார்க்க வேண்டும். சரியாகக் கோத்த வலை ஊன்றுகம்புகளுக்கு நடுவே எங்கும் தொய்யாது, எங்கும் இறுகாது. அதன் முன்னால் நின்று ரசிக்க எனக்கு அலுத்ததில்லை.

பொத்துவதும் அப்படித்தான். கிழிசலை உள்ளபடியே தைக்கிறவர் வேலை தெரியாதவர். நல்ல கை முதலில் கத்தியால் கிழிசலை இன்னும் பெரிதாக்கும், பார்க்கிறவருக்குப் பதறும். பிய்ந்த கண்களை வெட்டி ஓரத்தைச் சீராக்கினால்தான் வலையூசி புதுக்கண்களைப் பழைய வரிசையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நைலான் வழுக்கும் என்பதால் முடிச்சை இரட்டையாகச் சுற்ற வேண்டும்.

மிஞ்சிய துண்டுகளைப் பிரித்து முறுக்கினால் கட்டுக்கயிறு கிடைக்கும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறாக மட்டும் அது வேண்டாம். நைலான் மூக்கை அறுக்கும். அங்கே பருத்தியோ புளிச்ச நாரோதான் சரி. எது எதற்கு ஆகாது என்று சொல்லத் தெரிந்தவரையே நான் கைகாரர் என்பேன்.

பழையதை இன்னொரு ஆயுளுக்கு ஓட்டும் இந்தப் புத்தி உலகின் மறுகோடியிலும் உண்டு. டிரவுட் மீனுக்கு ஈப்போலக் கட்டிய தூண்டிலை வீசுகிறவர்கள் பயன்படுத்தும் கயிறு, நைலான் பின்னலின்மேல் பிளாஸ்டிக் பூசியது. நீளம் ஏறக்குறைய 27 மீட்டர். கயிற்றில் தேய்வதெல்லாம் வீசும் முன்பகுதி. சுருளுக்குள் கிடக்கும் பின்பாதி புதிதாகவே இருக்கும். இருமுனையும் ஒரேமாதிரி மெலிந்த கயிறாக இருந்தால் தலைமாற்றிச் சுற்றி இன்னொரு காலம் ஓட்டுவார்கள். அதுவும் தேய்ந்தபின் மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டும் கயிறாக்குபவர்களும் இருக்கிறார்கள்.

நைலான் பிறந்தது 1935-ல், அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில். அது வந்து சேரும்வரை நம் கடற்கரையில் பருத்தி, சணல் போன்ற இயற்கை நூல்கள்தான். ஈரத்தோடு விட்டால் மக்கும். மணலில் விரித்துக் காயவைத்தே தீர வேண்டும். உப்புத்தண்ணீர் தின்று முடித்த அந்த வலையில் பின்னால் வருகிறவருக்கு என்ன மிச்சமிருக்கும்? நைலானைத் தண்ணீர் மக்கச் செய்வதில்லை. அதைக் கொல்வது வெயில். வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் அதை வைத்துப் பிழைப்பதென்றால் அக்கறை வேண்டும்.

அக்கறை இல்லாத வலையால் கேடும் உண்டு. கீழோரத்தைத் தரையில் குவியலாக விட்டால் எலி தேடி வரும் சாரைப்பாம்பு அதில் நுழைந்து, செதில் மாட்டி, நெளிய நெளிய இறுகிச் செத்துப்போகும். வயலுக்கு எலியைக் குறைத்துத் தரும் உயிர் அது. தெரிந்தவர்கள் கீழோரத்தையும் தடித்த கயிற்றில் கோத்து, முளையடித்து விறைப்பாக நிறுத்துகிறார்கள். பொழுது விடிந்து ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பியதும் வலையைக் கழற்றி, முள்ளும் சருகும் உதறி, சுருட்டி வேப்பமரத்து நிழலில் மாட்டிவிடுகிறார்கள். பாம்பும் பிழைக்கிறது, நூலும் இன்னும் சில கோடையைத் தாங்குகிறது.