வீதியில் நிற்கும் ஞானம்

நீதிமொழிகள் 7ஆம் அதிகாரத்தின் தெருமுனைப் பெண்ணைக் காட்டி, வீடு தங்காத ஸ்திரீகளைக் கடிந்துகொள்ளும் பிரசங்கங்களைப் பலகாலும் கேட்டிருக்கிறோம், நாமே செய்ததுமுண்டு. இவ்வியாக்கியானம் குறையுடையது. அதே நூலின் முதல் அதிகாரத்தில், சந்தடிமிக்க தெருக்களிலும் நகரவாசலிலும் நின்று உரத்துக் கூவுகிறவளும் ஒரு பெண்ணே, அவள் ஞானம். எபிரெயத்தில் அச்சொல் பெண்பால் என்பதைமட்டும் கொண்டு வாதிடுவது தகாது. ஆசிரியரோ அவளை அழைக்கிறவளாகவும் கடிந்துரைக்கிறவளாகவும் உருவகப்படுத்தியே காட்டுகிறார். ஆகவே அந்நூல் கண்டிப்பது வஞ்சகத்தையேயன்றி, பெண் வீதியில் நிற்பதையன்று.

2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாயினர். இரவுப்பணி முடித்து அப்பேருந்தில் நேரே ஆராதனைக்கு வரும் தாதிக்கு நாம் வாசித்துக்காட்டுவது எந்த அதிகாரம்? முதலாம் அதிகாரத்தின் அப்பகுதியை எத்தனைமுறை பிரசங்கித்தோம் என எண்ணிப்பார்த்தோம். ஒருமுறையும் நினைவுக்கு வரவில்லை.