பேயைத் தேடிய பார்வையாளர்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2014-இல் எட்டுப் பகுதிகளாய் வந்தது 'ட்ரூ டிடெக்டிவ்' தொடரின் முதற்பருவம். லூசியானாவின் சதுப்பு நிலம். 1995-இல் மரத்தடியிலே ஒரு பெண்ணின் பிணம், தலையிலே மான்கொம்பு! துப்புத் துலக்க வருகிறான் ரஸ்ட் கோல். மகளைப் பறிகொடுத்தவன், மதுவில் மூழ்குபவன், கடவுளை ஏற்காதவன். கூடாரத்திலே போதகர் முழங்க, ஏழையர் உருக, அவன் ஏளனம் பேசுகிறான்.

பார்த்தோரில் பலர் செய்ததென்ன? 'மஞ்சள் மன்னன்' யாரென்று மாயம் தேடினர், மந்திரம் தேடினர்! இறுதியில் வந்தவனோ பேயல்லன், புல்வெட்டும் மனிதன். ஏமாந்தோம் என்றனர். ஏமாற்றமா அது? கொலைகாரனுக்கு அரணாய் நின்றது பில்லி டட்டில் எனும் மதகுருவின் குடும்பம். அவர் உறவினரோ ஆளுநராயிருந்து செனட்டரானவர். மதகுருவின் ஆதரவில் நடந்த பள்ளியிலே பிள்ளைகள் சீரழிக்கப்பட்டனர். பேய் எதற்கு? பீடமும் பதவியும் போதாவா? அக்குடும்பத்துப் பெரியவர்கள் தப்பினரே என்று குமுறியவர்களையே கூர்த்த பார்வையாளர் என்போம் நாம்.

பெண்டிரைப் பிணமாகவும் பரத்தையாகவும் காட்டியதே மிகுதி என்ற குறையையும் வழிமொழிகிறோம். மார்ட்டியின் மனைவி மேகிக்குக்கூட மனம் திறந்து பேச இடமில்லை.

முடிவிலே, சாவின் விளிம்பில் மகளின் அன்பை உணர்ந்ததாய்ச் சொல்லி அழுகிறான் ரஸ்ட். "நாத்திகன் வழிக்கு வந்தான்" என்று பக்தர் மகிழ்ந்தனர். "கொள்கையை விற்றான்" என்று நம்மவர் போன்றோர் கொதித்தனர். இருவர்க்கும் நாம் உடன்படோம். தந்தைக்கு மகள் நினைவு வந்தது, ஆண்டவன் வரவில்லை. தேவாலயம் தேடியும் அவன் போகவில்லை. தோழனின் தோளைப் பற்றியபடி மருத்துவமனையை விட்டு நடக்கிறான்.